வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபது

1972 பிப்ரவரி 2. பட்டாளப் பதிவு அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், அகதி நிவாரணத் தபால்தலை உள்பட: ரூ. 1.25
மார்ச் 20. அதே அலுவலகத்துக்கு நினைவூட்டல்: ரூ. 0.25
மே 8. அதே கேள்வியை இங்கிலீஷில் டைப் அடித்த கூலி: ரூ. 2.00
ஜூலை 17. இரண்டாம் நினைவூட்டல்: ரூ. 0.25
செப்டம்பர் 10. கல்லலுக்கு ரயில், போக வர: ரூ. 1.30
செப்டம்பர் 13. ஊர்வாரியாகச் சூரியன் மறையும் நேரம் அச்சிட்ட பழைய டைரி: ரூ. 1.50
ஆக மொத்தம்: ரூ. 6.55

ஆறு ரூபாய் ஐம்பத்தைந்து பைசாவுக்கு அப்துல் சுபஹான் காசு கொடுத்து வாங்கிய வம்பு இது.

சுபஹான் காரைக்குடியில் ஒரு மரவாடியில் முப்பத்தொரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர். கணக்கை மரவாடியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழக்கம் அவரிடம் இல்லை. புதுப் பல்பு மாட்டினால் மாட்டிய தேதியை அதன் பித்தளைக் கழுத்தில் ஆணியால் கீறி வைப்பார். மழை பெய்தால் குடையைத் தேடுவதற்கு முன் கடிகாரத்தைத் தேடுவார். "எங்களுக்குள்ள சண்டை வந்தா, போன சண்டை என்னைக்குன்னு தேதி சொல்லுவாக. எதுக்கு வந்துச்சுன்னு மட்டும் நெனப்பிருக்காது" என்பாள் அவர் மனைவி ஹாஜிரா. சுபஹானும் மறுத்ததில்லை. காரணத்துக்கு அவர் ஏட்டில் கட்டம் கிடையாது.

ஜமாத்தின் மௌத்துப் பதிவேடும் அவர் கையில்தான் இருந்தது. இறந்தவர் பெயர், அத்தா பெயர், கிழமை, பிறை, நேரம் என்று ஐந்து கட்டம். பிறைக் கணக்கில் நாள் நடுராத்திரியில் மாறுவதில்லை, மஃரிபுத் தொழுகைக்குப் பொழுது சாய்ந்ததும் மாறிவிடுகிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தபின் ஒருவர் கண்ணை மூடினால் அது சனிக்கிழமைக் கணக்கு. ஆகவே நேரம் முக்கியம் என்று சொல்லி, அழுகிற வீட்டுக்குள் பேனாவோடு போய் நிற்பார்.

"மணி யாரு பாத்தீக?"

"உசுரு போறப்ப யாரு பாய் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருப்பா?" என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள். எவ்வளவு பொறுப்பில்லாத பதில் என்று சுபஹான் வருத்தப்பட்டார்.

அவருடைய தங்கை சைதுன் பீவி, புருஷன் இல்லாதவள். ஒரே மகன் சேக் பரீது பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். இருபத்திரண்டில், கிழக்கே வங்காளத்துச் சண்டையில் இறந்துபோனான். 1971 டிசம்பர் 18 அன்று தந்தி வந்தது. இறந்த தேதி டிசம்பர் 10 என்று இருந்தது. உடல் வரவில்லை. எங்கே அடக்கம் செய்தார்கள் என்றும் தெரியவில்லை. சைதுன் பீவி இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பத்தாந் தேதி என்ன கெழமண்ணே?"

"வெள்ளி."

வெள்ளிக்கிழமை மௌத்தானவர்களுக்குக் கபுரு வேதனை, மண்ணறைக்குள் படுகிற வேதனை, கிடையாது என்பது சனங்களின் நம்பிக்கை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம கையால மண்ணு போடக் குடுத்து வைக்கல. அதுக்குத்தான் அல்லா வெள்ளிக்கிழமையக் குடுத்துருக்கான்" என்றாள். அன்றைக்குத்தான் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். சுபஹானுக்கோ, பதிவேட்டில் மருமகன் பெயருக்கு நேரே கடைசிக் கட்டம் காலியாகக் கிடந்தது. தங்கையின் வெள்ளிக்கிழமைக்கு ஒரு சர்க்கார் முத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தார். அந்த வெள்ளிக்கிழமையை உலகத்தில் அசைத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு எழுதினார். பதிலாக ஒரு பென்சன் பாரம் வந்தது. நினைவூட்டினார். அதே பாரம் மறுபடியும் வந்தது. "இன்னொண்ணு வந்தா, வெள்ளையடிக்கிறப்ப கீழ விரிச்சுக்கலாம்" என்றாள் ஹாஜிரா.

செப்டம்பரில் தபால்காரர் மாயக்கண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தார். சேக் பரீதோடு ஒரே கம்பெனியில் இருந்த மருது என்பவன், காலில் அடிபட்டவன், லீவில் கல்லலுக்கு வந்திருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை சுபஹான் ரயில் ஏறினார்.

மருது கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பெயரைச் சொன்னதும் எழப் பார்த்தான்.

"மாமாவா? நீங்கதானா அது? ஒவ்வொரு லெட்டருலயும் மேல மணி போடச் சொல்லுவீகளாமே?"

சுபஹானுக்குப் பெருமையாக இருந்தது. வந்த காரியத்தை உடனே கேட்டார்.

"அஞ்சு இருவது மாமா. நிச்சயமாத் தெரியும். டீ வந்துச்சு. 'மருது, மணியப் பாருடா, டீ வந்த நேரம் எங்க மாமாவுக்கு எழுதணும், இல்லன்னா மனுசனுக்குத் தூக்கம் வராது'ன்னு சிரிச்சான். டார்ச்ச அடிச்சு வாட்ச்சப் பாத்தேன். அஞ்சு இருவது. சொல்லி வாய மூடல, குண்டு விழுந்துச்சு."

வாழ்நாளெல்லாம் ஊராரை மணி பார்க்கச் சொன்ன மனுஷனுக்காக, அந்த ஒரு சாவில் ஒருவன் மணி பார்த்திருக்கிறான். சுபஹான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். பிறகும் அவருடைய புத்தி அவரை விடவில்லை.

"அஞ்சு இருவதுக்கு எதுக்குத் தம்பி டார்ச்சு?"

"அங்குட்டு நாலே முக்காலு, அஞ்சுக்கெல்லாம் பொழுது எறங்கிரும் மாமா. அஞ்சேகாலுக்குக் கும்மிருட்டு."

திரும்பி வரும்போது ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று சுபஹான் பார்க்கவில்லை.

வாசலிலேயே தங்கை நின்றிருந்தாள். "மணி கெடச்சுச்சாண்ணே?"

"அஞ்சு இருவது."

நம் ஊரில் டிசம்பரில் ஆறு மணிக்குத்தான் மஃரிபு. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், முகம் தெளிந்தது. "அசருக்குப் பின்னாடி, மஃரிபுக்கு முன்னாடி. வெள்ளிதான்!"

"ம்" என்றார் சுபஹான். அவர் வாயிலிருந்து துல்லியமில்லாமல் வந்த முதல் சொல் அது.

மருதுவுக்கு ஞாபகப் பிசகு இருக்கலாம் என்று நம்பித்தான் டைரியை வாங்கினார். சண்டை நடந்த பக்கத்துக்குக் கிட்டத்து ஊரான கல்கத்தாவில் டிசம்பர் 10 அன்று சூரியன் மறைவது மாலை நாலு ஐம்பத்திரண்டு என்று அச்சில் இருந்தது. சரியான தகவல் கிடைத்து சுபஹான் கலங்கியது அன்றைக்குத்தான். பிறகு அவரே வக்கீலாக மாறி வாதாடிப் பார்த்தார். பையன் பிறந்தது காரைக்குடி. ரேஷன் கார்டில் பெயர் இருந்தது காரைக்குடி. அப்படியானால் அவனுக்குக் காரைக்குடிச் சூரியன்தானே பொருந்தும்? கேஸ் நிற்காது என்று தெரிந்தும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனார்.

"ஒருத்தரு வெளியூர்ல மௌத்தானா, எந்த ஊருப் பொழுது கணக்கு?"

"மௌத்தான ஊருப் பொழுதுதான். யாரு?"

"யாருமில்ல. பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாவா?" ஹஜ்ரத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? ஒடம்புக்கு நல்லாத்தான இருக்கு?"

பையன் இறந்த ஷவ்வால் மாதம் மறுபடி பிறந்தது. முதல் வருஷ ஃபாத்திஹா ஓதும் நாள் நெருங்கியது. நெய்ச்சோற்றுக்கு அரிசி எவ்வளவு என்று பேச வந்த சைதுன் பீவி, கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டுல ஏத்திட்டீகளாண்ணே?"

"அதான் ஊரே சொல்லுதே, வெள்ளின்னு."

"ஊரு ஆறுதலுக்குச் சொல்லும். நீங்க ஆறுதலுக்குக்கூடப் பொய் எழுத மாட்டீக. நீங்க எழுதினாத்தான் எனக்கு நிச்சயம். ஓதுறதுக்கு முந்தி எழுதி, எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

நேர்மையான மனுஷன் என்று பெயர் எடுத்ததற்காக சுபஹான் அன்று தன்னைத் தானே மனதாரத் திட்டிக்கொண்டார். கொஞ்சம் ஏமாற்றுக்காரனாக வாழ்ந்திருந்தால் இப்போது எவ்வளவு கைகொடுத்திருக்கும்! வெள்ளி என்று எழுதினால் அவர் ஏட்டில் ஏறும் முதல் பொய். சனி என்று எழுதினால் தங்கைக்கு மகன் இரண்டாம் தடவை போய்விடுவான். "ஆபீஸ் கடுதாசி வரட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்தார். இன்னொரு பென்சன் பாரத்தைத் தவிர வேறெதுவும் வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஆனால் இந்தத் தடவை கடிதம் வந்தது. மாயக்கண்ணன் நிற்கும்போதே பிரித்தார். தங்கள் கடிதங்கள் கிடைத்தன, மேற்படி வீரர் டிசம்பர் 10 வெள்ளிக்கிழமை உயிர் துறந்தார், இறந்த நேரம் குறித்து இந்த அலுவலகத்தில் பதிவு எதுவும் இல்லை, இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்து முடித்துக்கொள்ளப்படுகிறது.

பதிவு இல்லை என்று சொன்ன எந்த அலுவலகத்தையும் சுபஹான் அதுவரை திட்டாமல் விட்டதில்லை. அன்று மாயக்கண்ணனுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். "நல்ல சேதியா பாய்?" என்று அவர் கேட்டதற்கு, "அருமையான ஆபீஸ்" என்றார்.

மரவாடியில் ஒரு சட்டம் உண்டு, சுபஹானே போட்ட சட்டம். வாய்ச்சொல் ஏட்டில் ஏறாது, எழுத்து மட்டுமே ஏறும். அந்தச் சட்டத்தால் எத்தனையோ வண்டிக்காரர்களிடம் வசவு வாங்கியிருக்கிறார். இன்று அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தங்கையை அழைத்து எதிரே உட்காரவைத்து, பதிவேட்டைத் திறந்து, எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். சேக் பரீது. கிழமை வெள்ளி. ஷவ்வால் பிறை இருபது. நேரம், பதிவு இல்லை.

"அஞ்சு இருவது போடலியா?" என்றாள் சைதுன் பீவி.

"மருது வாயால சொன்னது. ஏத்த முடியாது."

அவள் சிரித்துவிட்டாள். தந்தி வந்ததற்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. "மைனி, இங்குட்டு வந்து பாருங்க. சொந்த மருமவனுக்குக்கூட இந்த மனுசன் ஒரு நிமிசம் விட்டுக்குடுக்க மாட்டாரு!"

"அவரு எங்குட்டு விட்டுக்குடுக்கப் போறாரு" என்றது அடுப்படியிலிருந்து ஹாஜிராவின் குரல்.

சுபஹான் தலையை நிமிர்த்தவில்லை. மை காய்வதற்குள் ஆதாரத்தையும் எழுதி முடித்தார்: பதிவு அலுவலகத்தின் கடைசிக் கடிதம், வந்த தேதி 1972 நவம்பர் 24.