பொட்டு வைத்த குடுவை

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைச் சலிக்காமல் பொறுத்துக்கொண்டவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். பக்கத்து ஊரான புதுவயலில் இருந்து சைக்கிளில் வருவார். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஆஸ்துமா மருந்து ஒன்றைப் பிரிப்பது என் வேலை. அதன் மூலக்கூறு வலது கை, இடது கை போல இரண்டு வடிவங்களில் கலந்துகிடக்கும். நோயாளிக்கு உதவுவது ஒன்றுதான். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலத்தோடு சேர்த்து வைத்தால், ஒரு வடிவம் மட்டும் முதலில் படிகமாக இறங்க வேண்டும். எனக்கோ மூன்று வாரமாகக் குடுவையில் வெறும் கரைசல். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறக்கும்போது படிகம் இல்லாவிட்டால் என் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு! அசைந்தால் கெட்டுவிடும் என்று குடுவைப் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை.

விடுமுறை முடிந்து வந்தால் தராசு, அடுப்பு, என் குடுவை, எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு.

“யாரக் கேட்டுண்ணே இதத் தொட்டீக?”

“கோவிச்சுக்கிறாதீகம்மா. பிசுபிசுன்னு இருந்துச்சு. தக்கையத் திருகி, கழுத்தத் தொடச்சுட்டுத்தான் பொட்டு வச்சேன். பூசை நாளும் அதுவுமா அழுக்கோட விடலாமா?”

எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கொட்டிவிடலாம் என்று குடுவையை எடுத்தவள் அப்படியே நின்றேன். அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிப் படிகங்கள்! தக்கையோரம் காய்ந்து ஒட்டியிருந்த துகள் உள்ளே உதிர்ந்து, அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் படிகமாக வளர விதையாகியிருக்கிறது. கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டியிருந்தாலே படிகம் வந்திருக்கும். நான்தான் பயந்து பயந்து காவல் காத்துக் கெடுத்திருக்கிறேன்.

படிகத்திலிருந்து மருந்தைப் பிரித்து, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் வைத்தோம். சரிபாதிக் கலவையாக இருந்தால் ஒளி எந்தப் பக்கமும் திரும்பாது. திரும்பியது. மறுபடி படிகமாக்கிப் பார்த்தாலும் அதே அளவு; ஒரே வடிவம்தான், கலப்பில்லை.

“தலைப்பு இருக்கட்டும்” என்றார் பேராசிரியர்.

ஓடிப்போய் அண்ணனிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

“திட்டுனது கெடக்கட்டும்மா. வந்துருச்சுல்ல?” என்று சிரித்தார்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதலில் அவர் பெயரைப் போட்டேன். அப்புறம்தான் பேராசிரியர். பேராசிரியர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் காட்டிய தன் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அந்த வரியை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.