என் கணவரின் கோணல் வாய்

என் கணவர் பறங்கியர். முப்பாட்டனார் போர்த்துக்கல்லில் இருந்து கப்பலேறி வந்தவராம் என்று பெருமை பேசுவார். இவர் எங்கள் ஊர்க் கொட்டியாரக் குடாவைக்கூடத் தாண்டியதில்லை. பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போடுவார். மிச்ச நேரமெல்லாம் லிங்கநகர் வீட்டின் பின்பக்கம் இருந்து ஊராரின் தலைகளைக் களிமண்ணில் செய்து, சூளையில் சுட்டு, பளபளவென்று வர்ணம் பூசுவார். கிண்ணியா மீன் முதலாளிக்கு நாடியில் மூன்று மடிப்பு. தேவாலயத்துப் பங்குச்சாமிக்குக் கழுத்தே கிடையாது. சண்டைக்கு வருகிறவர்களும் தங்கள் தலையைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் இந்த மனிதருக்குச் சோறு. இந்தக் கண்டறியாத பொம்மைகளை எங்கே அடுக்குவது என்று நான் நாளும் பொழுதும் கத்துவேன்.

போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், ஒருநாள் கண்ணாடியும் களிமண்ணும் கேட்டார். தன் முகத்தையே செய்யப் போகிறாராம். வேண்டாம் என்றேன், கேட்டால்தானே! இடது கையால் அழுத்தி அழுத்தி அந்தக் கோணல் வாயைக் கொண்டுவந்தார். கடைவாயில் வழியும் எச்சிலைக்கூட விடவில்லை. நான்தான் சூளை மூட்டிச் சுட்டுக் கொடுத்தேன்.

பிறகு, பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் அதைத் தூக்கி வைப்பார். ஒருவராவது சிரிக்க மாட்டாரா என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரும் சிரிக்கவில்லை. பங்குச்சாமி இவர் நெற்றியில் சிலுவை போட்டார். வீடு அதிரச் சிரிக்கிற மீன் முதலாளி, அல்லாஹ் சுகம் தருவான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

முதலாளி போனதும் இவர் என்னைப் பார்த்தார். "நீராவது சிரியும்," என்றார் குழறிக் குழறி.

சிரித்தேன், பெரிதாகவே சிரித்தேன்.

"காணும், விடும். ஆஸ்பத்திரியிலயும் நீர் எனக்காக இப்பிடித்தான் சிரிச்சனீர்." இடது கையால் அந்தப் பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "முந்தியெண்டால் எல்லாரும் சிரிச்சிருப்பினம். கை போச்சுது. இனி எனக்கு ஏலாது."

கை எங்கே போனது? அச்சொட்டாக அவரேதான் அது. அதனால்தான் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதை நான் எந்த வாயால் அவருக்குச் சொல்வேன்? மிச்சக் களிமண்ணை வேலியோரம் கொட்டச் சொன்னார். கொட்டிவிட்டு வந்து, குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.