ஏறிக் குதிக்காத காஜா பாய்

காஜா பாய் ஒரு கேட்டைச் செய்து மாட்டினால், கடைசியில் ஒரு சடங்கு உண்டு. வெல்டிங் சூடு ஆறியதும் கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்.

"நான் தள்ளுனா கணக்கு கெடையாது சார். ஓனரு நீங்க. ஒங்க கையால ஒரு வாட்டி தள்ளிப் பாருங்க."

வீட்டுக்காரர் கூச்சப்பட்டு இரண்டு விரலால் தொட்டால் விடமாட்டார். தோளைக் கொடுத்துத் தள்ளச் சொல்வார். "ஆடல பாய்" என்று அவர் வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான் சுத்தியலும் கட்டிங் மிஷினும் பைக்குள் போகும். முப்பது வருஷமாக இரும்புலியூரிலிருந்து மாடம்பாக்கம் வரை இப்படித்தான். அவர் போட்ட ஜன்னல் கம்பியை வளைத்து ஒரு திருடன் உள்ளே போனான் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவர் முன்னால் நிற்கவும் முடியாது, அவ்வளவு கோபக்காரர்.

அவருடைய இடது கால் மடங்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மேடவாக்கத்தில் ஒரு மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து விழுந்து, முட்டிக்குள் தகடு வைத்து முடுக்கிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறவே யாராவது கை கொடுக்க வேண்டும். தொழுகைகூட நாற்காலி போட்டுத்தான். இந்தக் காலை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் மறந்துபோனது இதைத்தான்.

அவர் குடியிருக்கும் தேவகி நகரின் கடைசித் தெருவுக்குப் பின்னால் ராணுவ விமான தளத்தின் மதில் ஓடுகிறது. எட்டடி உயரம். மேலே சுருள் முள்கம்பி. இருபதடிக்கு ஒரு போர்டு, அத்துமீறி நுழைந்தால் சுடப்படுவீர்கள் என்று மூன்று மொழியில். போர்டுகள் எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். சுவர்தான் ஓரிடத்தில் இல்லை. மழைநீர்க் கால்வாய் மதிலுக்கு அடியில் புகும் இடத்தில், புயல் வந்த டிசம்பரில் வெள்ளம் ஐந்தடி அகலத்துக்குச் சுவரை வாரிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு இன்னொரு டிசம்பரும் வந்து போய்விட்டது.

அந்த வழியாக மாடுகள் காலையில் உள்ளே போய் மேய்ந்துவிட்டு, பால் கறக்கிற நேரத்துக்குத் தாமாகவே திரும்பி வரும். பிள்ளைகள் அடித்த பந்து போகும், பந்துக்குப் பின்னால் பிள்ளைகளும் போவார்கள். ஊரில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. காஜா பாய்க்கு மட்டும் அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஊரெல்லாம் பூட்டு மேல் பூட்டு போட்டுத் தருகிறவன் வீட்டுக்குப் பின்னால், விமானம் நிற்கிற இடம் திறந்து கிடக்கிறதே என்கிற கோபம். ஒருநாள் பிரதான வாசலுக்கே போய் காவல்காரரிடம், "ரெண்டு நாளு குடுங்க, ஓசியிலயே ஒரு கம்பி கேட்டு போட்டுத் தரேன்" என்றார். "அதெல்லாம் டெல்லியிலேர்ந்து வரணும் பாய்" என்று அவர் சிரித்தார். காஜா பாய் அந்தச் சிரிப்பை வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

எல்லையில் சண்டை மூண்ட மே மாதம் அது. டிவியைப் போட்டால் சைரன் சத்தம். விமான தளத்தின் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பின்பக்கத்து ஓட்டை வழியாக மாடுகள் வழக்கம்போல் உள்ளே போய் மேய்ந்தன.

ஒரு காலை ஏழு மணிக்கு, எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் டீச்சர் கத்துகிற சத்தம் கேட்டது. ரிட்டயரான கணக்கு டீச்சர். தனியாக இருக்கிறவர், துணைக்கு புஜ்ஜி என்று ஒரு குட்டை நாய். அது ஒரு மாட்டை விரட்டிக்கொண்டு ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. டீச்சர் கால்வாய் ஓரம் நின்று அழாத குறை.

"இருங்க டீச்சரம்மா" என்று காஜா பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே நடந்தார். புல்லுக்குள் அரைமணி நேரம் நாயின் பின்னால் அலைந்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் தூரத்தில் தெரிந்த இரண்டு சிப்பாய்களை அவரே கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி! அந்த நாய அந்தாண்ட மடக்குங்கப்பா!"

தம்பிகள் வந்தார்கள். மடக்கியது நாயை அல்ல. நாய் வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டது. காஜா பாய் ஜீப்பில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

இன்ஸ்பெக்டர் ராஜாராமன் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே கேள்வி கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். மதியத்துக்குள் ஒரு வாக்குமூலத்தை டைப் அடித்து மேஜையில் வைத்தார்.

"பாய், நீங்க ஒண்ணும் தீவிரவாதி இல்லன்னு எனக்குத் தெரியும். கையெழுத்தப் போடுங்க, எச்சரிக்கை பண்ணி அனுப்பிடறேன். சாயங்காலம் வீட்ல இருக்கலாம்."

காஜா பாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அளவு எழுதின காகிதமானாலும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனார். நான்காவது வரியில் விரல் நின்றது. 'எட்டடி உயரப் பாதுகாப்புச் சுவரின் மீது ஏறிக் குதித்து.'

"இன்னா சார் இது? இந்தக் கால வெச்சிக்கினு நான் எங்க ஏறிக் குதிச்சேன்? நடந்து போனேன். அங்க செவுரே இல்ல."

"சுவர் முழுசா இருக்குன்னு விமான தளத்துலேர்ந்து எழுத்துல குடுத்திருக்காங்க."

"அப்ப மாடு கூட ஏறிக் குதிச்சுதான் போவுதா?"

பக்கத்தில் நின்ற ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினார். பிறகு இன்ஸ்பெக்டர் மேஜையின் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதில் காஜா பாயின் மகள் இஃப்ராவின் படம் ஒட்டியிருந்தது.

இஃப்ராவுக்கு இருபத்திமூன்று வயது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை கிடைத்து, வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். உள்ளே போக அனுமதி அட்டை வேண்டுமென்றால், போலீஸ் விசாரித்து நல்ல பெயர் எழுதித் தர வேண்டும். அந்த விசாரணைக் காகிதம் பத்து நாளாக இதே மேஜையில்தான் கிடந்தது.

"இத இன்னைக்கே அனுப்பிடலாம்னு இருந்தேன் பாய். நீங்க ஒத்துழைச்சா அனுப்பிடலாம். இல்லன்னா கேஸ் போட்டே ஆகணும். அப்புறம் இதுல நான் என்ன எழுதறது?"

காஜா பாய் மகளின் படத்தையே பார்த்தார். பயம்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் இஃப்ராவே ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. காகிதத்தைப் படித்தாள்.

"போட்டுடு அத்தா. எச்சரிக்கைதான? ஒரு வரிதான? வா, வீட்டுக்குப் போலாம்."

அவர் பேனாவை வாங்கினார். அவள் இந்த வேலைக்காக விடியற்காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் இங்கிலீஷ் பேசிப் பழகியது கண்ணுக்குள் வந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்த நான்காவது வரியை இன்னொரு முறை பார்த்தார். மூடியை மறுபடி போட்டார்.

"இல்லம்மா. இன்னைக்கு இவரு நல்லவரு, எச்சரிக்கையோட வுட்டுருவாரு. நாளைக்கு இவரு மாறிப் போவாரு. இந்தப் பேப்பரு போவாது. அந்தச் செவுத்தாண்ட ஒரு பட்டாசு வெடிச்சாக்கூட, இதுக்கு முன்ன ஏறிக் குதிச்சவன் எவன்டான்னு பாப்பாங்க. காஜா மைதீன்னு இருக்கும். அப்பவும் ஒன் வேல போவும், கூட என் மானமும் போவும். நான் போனது நெஜம். அத எழுதச் சொல்லு, பத்து கையெழுத்து போடறேன். கேஸ் போட்டாலும் போட்டுக்கட்டும்."

இஃப்ரா அழுதுவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு போடு என்று சொல்லவில்லை. பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அபிதகுஜாம்பாள் டீச்சர் வந்தார், இடுப்பில் புஜ்ஜியோடு. இந்த வம்பெல்லாம் உனக்கெதுக்கு என்று அவர் பிள்ளை பெங்களூரிலிருந்து போனில் தடுத்திருக்கிறான். போனை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

"சார், அவர் நடந்துதான் போனார். நான் பார்த்துண்டே இருந்தேன். ஏறிக் குதிச்சார்னு எழுதினா, அது பொய்க் கணக்கு. அந்த வழியா நானே மூணு தடவை இதைத் தேடிண்டு போயிருக்கேன். என் பேரையும் எழுதிக்கோங்கோ."

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, தன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு விமான தளத்திலிருந்து அனுப்பிய படம். கால்வாய்க்கு மேல் மதிலோடு மதிலாகப் பச்சைத் தகரம் அடைத்திருந்தது. ஓட்டை இல்லை.

காஜா பாய் படத்தை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக இல்லாத ஒரு துள்ளல் அந்தக் காலுக்கு வந்தது.

"சார், எடத்துக்குப் போலாம். அவங்க ஆபீசரையும் வரச் சொல்லுங்க. அங்க ஓட்ட இல்லன்னா, ஏறிக் குதிச்சேன்னு இல்ல, பறந்து போனேன்னே எழுதுங்க. கையெழுத்து போடறேன்."

நாலு மணி வெயிலில் எல்லோரும் கால்வாய் ஓரம் நின்றார்கள். விமான தளத்தின் பாதுகாப்பு அதிகாரி சூர்யநாராயணன் கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக வந்தார். விவரமான மனுஷர், ஆனால் தளத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கீழே இருந்தவர்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி ஒப்புதல் போட்டவர். தெருவே பின்னால் கூடிவிட்டது.

தகரம் ஜோராகத்தான் இருந்தது. பச்சைப் பெயின்ட்கூடக் காயவில்லை. காஜா பாய் இரண்டடி தள்ளி நின்று குனிந்து பார்த்தார். இரண்டு சவுக்குக் கம்பு, ஈர மணலில் செருகியது. தகரத்தைக் கம்போடு இழுத்துக் கட்டின கட்டுக் கம்பி நாலு முடிச்சு. ஒரு வெல்டிங் இல்லை, ஒரு காரை இல்லை.

"தொடாதீங்க பாய்! தொட்டா அது வேற கேஸ்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஏன் சார் தொடறேன்? முப்பது வருசமா நான் தள்ளுனதே கெடையாது." காஜா பாய் அதிகாரியின் பக்கம் திரும்பினார். அவர் குரல் அப்போது ஒரு துளி நடுங்கவில்லை. "சார், இந்த எடத்துக்கு ஓனரு நீங்க. ஒங்க கையால ஒரு வாட்டி தள்ளிப் பாருங்க."

தெருவில் பாதிப் பேருக்கு அந்த வசனம் தெரியும். அவர்கள் வீட்டு வாசலிலும் கேட்டதுதான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சூர்யநாராயணன் தயங்கினார். பிறகு முன்னால் வந்து, கூச்சத்தோடு இரண்டு விரலால் தகரத்தைத் தொட்டார்.

"அப்படி இல்ல சார். தோளக் குடுத்து."

தோள் தேவைப்படவில்லை. அவர் உள்ளங்கையை வைத்து அழுத்தியதுமே கம்புகள் மணலோடு சாய்ந்தன. தகரம் தடதடவென்று உள்பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்த மாடு தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தது. புஜ்ஜி டீச்சரின் கையிலிருந்து துள்ளி ஒரே ஓட்டமாக உள்ளே போயிற்று.

"ஐயோ, புஜ்ஜி!" என்று கத்திய டீச்சர், பழக்கத்தில் காஜா பாயைத்தான் பார்த்தார்.

காஜா பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் போ மாட்டேன் டீச்சரம்மா. எனக்கு ஏறிக் குதிக்க வராது."

கடைசியில் உள்ளே போனது ஏட்டுதான். நடந்துதான் போனார்.

சூர்யநாராயணன் விழுந்த தகரத்தைக் காலால் புரட்டிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. "இருக்கறத இருக்கற மாதிரி எழுதுங்க இன்ஸ்பெக்டர். நானும் என் பக்கத்துல எழுதறேன்" என்றார். ஜீப் பானெட்டின் மேல் வைத்துப் புது வாக்குமூலம் எழுதப்பட்டது. 'சுவர் இல்லாத இடத்தின் வழியாக, நாயைத் தேடி நடந்து சென்றேன்.' காஜா பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். 'நடந்து' என்ற வார்த்தையில் விரலை வைத்து இஃப்ராவுக்குக் காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். இஃப்ராவின் காகிதம் அன்று மாலையே போய்விடும் என்று இன்ஸ்பெக்டர், யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கிளம்பும்போது சூர்யநாராயணன் தாழ்ந்த குரலில் கேட்டார். "பாய், இத சரியா அடைச்சுக் குடுக்க முடியுமா? நாளைக்கே?"

"அதெல்லாம் டெல்லியிலேர்ந்து வரணும்னு ஒங்க வாசல்ல சொன்னாங்களே சார்?"

காஜா பாய் அதற்கு மேல் சீண்டவில்லை. இடுப்பிலிருந்து அளவு டேப்பை எடுத்து, அப்படியே கையில் வைத்துக்கொண்டார்.

"போட்டுத் தரேன். ஆனா, நாளைக்கு நான் இந்த வழியா வரமாட்டேன். முன் வாசல்ல என் பேரு எழுதி, பாஸ் குடுத்து, காஜா மைதீன் வாங்கன்னு மரியாதையா உள்ள வுடணும். வேல முடிஞ்சதும்..." என்று சொல்லி இன்ஸ்பெக்டர் ராஜாராமனைப் பார்த்தார். "இவரு வந்து ஏறிக் குதிச்சுக் காட்டட்டும்."