புகை இல்லாத வீடு

முதலில் மூக்கு ஒழுகியது. எந்தப் பிள்ளைக்குத்தான் ஒழுகாது? ஆனி மழை பிடித்திருந்தது. குலசேகரம் பக்கம் எங்கள் ஊரில் அந்த மழைக்குப் பெரியவர்களே தும்மிக்கொண்டுதான் இருப்பார்கள். என் மகள் அபிஷாவுக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. மாமி, அதாவது என் கணவரின் அம்மா, துளசிச் சாறு பிழிந்து கொடுத்தார். ஓரிரு நாளில் பிள்ளை பால் குடிக்க மறுத்தாள்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அதைப் பார்க்க எனக்குச் சொல்லித்தந்தவள் லதா. சிறுபிள்ளைகளுக்கு ஏன் அடிக்கடி நெஞ்சுச்சளி வருகிறது, அதை எப்படித் தடுக்கலாம் என்று அறிய ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதற்காக மாதந்தோறும் எங்கள் ஊருக்கு வருகிற பெண் அவள். பிள்ளையின் மூச்சை எண்ணுவாள், தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பாள், சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்வாள். "நெஞ்சுக்கூடு உள்ள இழுத்துதுன்னா வீட்டு மருந்து பாத்துட்டு இருக்காதீங்க அக்கா, உடனே வண்டி பிடிங்க" என்று முன்பே சொல்லியிருந்தாள். பிள்ளை பிழைத்தது அந்தப் பேச்சால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கசப்பாக நிறையச் சொல்லப்போகிறேன்.

நாகர்கோவில் மருத்துவமனையில் நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றி, காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் சேர்வது) என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தாள். ஐப்பசி மழையில் மறுபடியும் அதே கட்டில், அதே குழாய். அடுத்த ஆனியிலும் அதே கதை.

இதற்குள் ஊரே டாக்டராகிவிட்டது. தலைக்கு ஊற்றினதால் வந்தது என்றார் ஒருவர். என் பாலில் சத்தில்லை என்றார் இன்னொருவர். "மாசமா இருக்கும்ப நீ ஐஸ்கிரீம் தின்னியா?" என்று ஒரு சித்தி முகத்துக்கு நேராகவே கேட்டார். எல்லாக் காரணங்களும் என்னிடம்தான் வந்து நின்றன. எனக்கு எரிச்சலாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இவ்வளவு பேர் பேசியதில் புகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் முறை சேர்த்தபோது ஒரு பெண் டாக்டர் பிள்ளையின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்தார்.

"பிள்ளைக்க சட்டையில என்ன நாத்தம்மா இது?"

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துவைத்த சட்டைதான் என்றேன்.

"புகை நாறுதே. வீட்டுல விறகடுப்பா?"

"இல்ல டாக்டர், காஸ்தான். மழையில துணி காயாதுல்லா, அதனால புகைப்புரையில போட்டுக் காயவச்சேன்."

"அந்தப் புரை எங்க இருக்கு?"

"நாங்க படுக்குத ரூமுக்கு அடுத்தாப்பில."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

ரப்பர் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தில் வெட்டி எடுக்கிற பாலை உறையவைத்து, எந்திரத்தில் அழுத்தினால் ஈரமான ஷீட் கிடைக்கும். வெயில் இல்லாத மாதங்களில் அதைப் புகையில்தான் உலர்த்த வேண்டும். அந்தக் காலத்தில் சமையலடுப்புக்கு மேலேயே கம்பு கட்டித் தொங்கவிடுவார்கள். காஸ் வந்ததும் சமையல் புது அறைக்குப் போனது. பழைய அடுக்களை புகைப்புரையாகவே நின்றுவிட்டது. ரப்பர் விறகும் கதம்பையும் (தேங்காய் மட்டை) அங்கே பகலும் இரவும் கனன்றுகொண்டிருக்கும். அதற்கு ஒட்டின அறைதான் எங்கள் வீட்டிலேயே கதகதப்பானது. அதனால் பிள்ளை பெற்றவளை அங்கேதான் படுக்கவைப்பார்கள். எங்களுக்கு அது பிரியத்தின் அறை. பிள்ளையின் துணிகளும் ஷீட்டுகளோடு அதே கம்பில்தான் காய்ந்தன.

"புகை மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "கிருமிதான் நோயைக் கொண்டு வருது. ஆனா தினமும் புகையைக் குடிக்கிற நெஞ்சு அதை எதுத்து நிக்காது. பிள்ளையை அந்த அறையிலேருந்து மாத்துங்க."

வீட்டில் வந்து சொன்னேன். மாமிக்கு முகம் கறுத்தது.

"எனக்க பிள்ளையள் எல்லாம் அந்த ரூமில கெடந்துதான் வளந்துது. ஒண்ணுக்காவது தீனம் வந்துதாட்டி? ஒனக்க பிள்ளைக்கு மட்டும் என்ன?"

என் கணவர் சுனில் தலையைக் குனிந்துகொண்டு, "மழ முடியட்டு, புரையை மாத்தலாம்" என்றார். மழை முடிந்ததும் வெயில் வந்தது, ஷீட் முற்றத்தில் காய்ந்தது, புரையை எல்லாரும் மறந்தார்கள். அடுத்த மழைக்கு எங்களை முன்னறைக்கு மாற்றினார்கள். எல்லா அறைக்கும் ஓட்டுக் கூரை ஒன்றுதான். புகைக்கு முன்னறை எது, பின்னறை எது என்று யார் சொல்லிக்கொடுப்பது?

அந்த மழையிலும் படுத்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சுக்குழல் விரிவு (திரும்பத் திரும்ப வந்த தொற்றால் குழல் தளர்ந்து விரிந்து, சளி வெளியே வராமல் தேங்குவது) என்று சொன்னார்கள். தளர்ந்தது தளர்ந்ததுதானாம், மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாமாம். சுனில் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கூட்டம். ஆராய்ச்சி முடிந்து, கண்டதைச் சொல்வதற்காக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். நானும் மாமியும் போனோம். தலைமை டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். தடுப்பூசியால் பலன் தெரிகிறது, கைகழுவுவதாலும் தெரிகிறது என்றார். பிறகு, "புகை உள்ள வீடு, இல்லாத வீடு, ரெண்டுக்கும் இந்த ஊர்ல பெரிய வித்தியாசம் காணல" என்றார்.

லதா பக்கத்தில்தான் நின்றாள். "எங்க வீடு எதுல வரும்?" என்று கேட்டேன்.

"புகை இல்லாத வீடு, அக்கா. எந்த அடுப்புன்னு கேட்டப்ப காஸ்னு சொன்னாங்களே."

யாரும் பொய் சொல்லவில்லை. அடுப்பைக் கேட்டார்கள், மாமி அடுப்பைச் சொன்னார். புகைப்புரையை எங்கள் ஊரில் யாரும் அடுப்பு என்று சொல்ல மாட்டார்கள். அது தொழில். இவ்வளவு சீக்காளியான என் மகள், புகையால் ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சியாகப் போயிருக்கிறாள்.

எழுந்தேன். "இரிட்டி" என்று மாமி சேலையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"சார், எங்க வீட்டுல காஸ்தான். ஆனா பின்னால பொகப்புர இருக்கு. பிள்ள அந்தப் பொகையிலதான் கெடந்தா. அத நீங்க கேக்கல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற யார் வீட்டில எல்லாம் இருக்கு?" என்று கேட்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பிறகு கூடமே கையாக நின்றது. மாமி மட்டும் மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாங்க இதைக் கேக்கத் தவறிட்டோம்" என்றார் அவர். மறைக்காமல் சொன்னார், அது வரைக்கும் நல்லது. "அடுத்த ஆராய்ச்சியில கண்டிப்பா சேப்போம்."

அடுத்த ஆராய்ச்சிக்கு அடுத்த பிள்ளைகள் இருமவேண்டும். என் பிள்ளையின் இருமல் எழுதி முடிந்துவிட்டது.

அந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரணியலுக்கு வந்துவிட்டேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன வாடகை வீடு. புருஷனை விட்டுவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். மாமி இன்றுவரை இந்த வீட்டுப் படியேறவில்லை. புரையில் இன்றும் புகைகிறது.

இதைப் படிக்கிறவர்களில் இருமுகிற பிள்ளையை மடியில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். டாக்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கேட்காததையும் சொல்லுங்கள். எங்கே படுக்கிறீர்கள், துணி எங்கே காய்கிறது, பின்கட்டில் என்ன எரிகிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

அபிஷாவுக்கு இப்போது நான்கு வயது. காலையும் மாலையும் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டுகிறேன். சளி பெயர்ந்து வருகிற சத்தம் கேட்கும்வரை தட்டுவதை நிறுத்துவதில்லை. மழை எனக்கு இப்போது மழை இல்லை. மேகம் கறுத்தால் அவளுடைய சட்டையைத் தூக்கி விலாவைப் பார்க்கிறேன். என் உடம்பிலேயே ஒரு விலா கூடுதலாக முளைத்து அவளோடு ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது.

சுனில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் அவர் சட்டையில் இருக்கிறது. இப்போது எனக்கும் அது தெரிகிறது.

கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அபிஷா துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். அவர் கையை நீட்டினால் ஓரடி பின்னால் போகிறாள்.

"அப்பா, குளிச்சியா?"

அவர் துண்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போகிறார். அவர் திரும்பி வரும்வரை அவள் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதிக நேரம் பிடிக்க அவளால் முடியவில்லை.