கோபத்தை விட்டேன், மாத்திரையையும் விட்டேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான் வளர்த்தேன். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் என் குரல் தெரியாத வீடு இல்லை. அந்தக் குரலை ஆண்டவர் எனக்கு இரண்டாம் தடவை கொடுத்தார். அதற்குத்தான் இந்தச் சாட்சி. கோபமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997இல் எனக்கு பிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் நான் வாய் திறக்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரன் கார் ஏற்றுவதற்காகச் சாக்கடையைச் சிமெண்ட் போட்டு அடைத்தான். அழுக்குத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. கேட்கப் போனால் மகன் சாமுவேல் கையைப் பிடித்துக்கொள்வான்.

"விடும்மா, பிபி ஏறிடும்."

"தண்ணி அடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் எதைடா விடறது?"

சபையிலும் அதே பேச்சு. பெண்கள் சங்கத் தலைவி ரூத்தம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அக்கா, உங்க வியாதியே உங்க கோபந்தான். அதை விடுங்க, எல்லாம் சரியாயிடும்."

கோபம் வந்தால்தான் பிபி என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சண்டை போட்ட நாளில் மாத்திரை போடுவேன். சும்மா இருந்த நாளில் டப்பாவைத் தொடமாட்டேன். அது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் மற்றவர்கள் கறியை விட்டார்கள். நான் கோபத்தை விட்டேன். சாக்கடைத் தண்ணீரைப் பேசாமல் வாரி ஊற்றினேன். எதிர்வீட்டுக்காரன் சிரித்தான், நானும் சிரித்தேன். கோபமே இல்லாதவளுக்கு மாத்திரை எதற்கு? அதையும் விட்டேன். தலைவலிகூட இல்லை.

குருத்தோலை ஞாயிறு. புடவைக்குக் குத்தப்போன ஊக்கு கீழே விழுந்தது. எடுக்கக் கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "அத்தை, என்னாச்சு?" என்று மருமகள் மெர்சி கேட்டாள். பதில் நெஞ்சில் இருந்தது, நாக்குக்கு வரவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். பிபி ஏறிக் கிடந்ததால் மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டுவிட்டது என்றார்கள். பேச்சு திரும்புமா என்று சாமுவேல் கேட்டான். இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

படுத்தபடியே என் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. அழுதேன்.

ரூத்தம்மாள் பார்க்க வந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, எங்க அக்காவை அமைதிப்படுத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணை மூடி உள்ளுக்குள் கேட்டேன். அப்பா, நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. இவளுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு வார்த்தை கொடும்.

அவள் ஆமென் சொல்வதற்குள் கொடுத்தார்.

"நிறுத்து."

குழறலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. மெர்சி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மற்ற வார்த்தைகள் மெல்ல மெல்லத் திரும்பின. லேடி டாக்டர் கன்னடக்காரி, பாட்டியை அஜ்ஜி என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே சொன்னாள். "அஜ்ஜி, கோபம் வந்தா கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கிடும். உங்களுக்கு இருக்கிறது எப்பவும் இருக்கிற பிபி. நீங்க சிரிச்சாலும் இருக்கும், தூங்கினாலும் இருக்கும். வெளியே தெரியாது. நல்லா இருக்கேன்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது, தினமும் போடணும். கருவாடு, ஊறுகாய் குறைச்சுக்கங்க."

"அப்போ சண்டை போடலாமா?"

"மாத்திரை போட்டுட்டுப் போடுங்க."

என் வாயை அடைக்க அவ்வளவு பேர் ஓடி வந்தீர்களே. இன்றைக்கு மாத்திரை போட்டாயா என்று ஒருவராவது கேட்டீர்களா?

இப்போது காலை ஜெபம் முடிந்ததும் மாத்திரை. மாதம் ஒரு தடவை போய் அளந்து பார்க்கிறேன். உப்பைக் குறைத்தேன். வலது கையில் இன்னும் முழு பலம் இல்லை, ஆனாலும் கார்ப்பரேஷன் ஆட்களைக் கூட்டிவந்து அந்தச் சிமெண்டை உடைக்க வைத்தேன்.

சகோதரிகளே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் அவர் காதைப் பொத்திக்கொள்ள மாட்டார். மாத்திரையும் அவர் கொடுத்ததுதான், அதை டப்பாவில் வைத்துவிட்டு முழங்காலில் நிற்காதீர்கள். எனக்கு இரங்கினவர் உங்களுக்கும் இரங்குவார்.

கிரேஸ், போதும். பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை மொத்தமும் சத்தமாகப் படி, கண்ணு. ரூத்தம்மாள் பேரை விட்டிருந்தாயானால் திரும்ப எழுத வைப்பேன்.