பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்

ஷிம்னா ஓடத் தொடங்கியது மழைக்குப் பயந்துதான்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு லேனில், நான்காம் மாடியில் அவளுடைய வீடு. வயது முப்பத்தெட்டு. காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வாசல் வரை வந்து நிற்கிறது என்று டொக்டர் சொல்லி, காலையில் நடக்கச் சொன்னார். அவளும் நடந்தாள். ஒரு பக்கம் தண்டவாளமும் கடலும், மறுபக்கம் ஹோட்டல்களுமாக இருக்கும் மரைன் டிரைவில் பம்பலப்பிட்டி வரை போய்த் திரும்புவாள்.

ஒரு காலையில் தூறல் பிடித்தது. தூரத்தில் ஒரு கட்டடத்தின் முகப்பு தெரிந்தது. அதன் கீழே ஒதுங்கலாம் என்று ஓடினாள். முகப்பு வந்தது, போனது. அவள் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். கால் போய்க்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது முழுதாக நனைந்திருந்தாள்.

அடுத்த நாள் மழை இல்லை. அன்றும் ஓடினாள்.

அவளுடைய கணவன் நப்ரீஸ் வீடுகளுக்கும் ஒபிஸ்களுக்கும் போய் ஏசி திருத்துகிறவன். அதிகம் பேசமாட்டான். மனைவி ஓடுவதைப் பற்றியும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பாமன்கடையில் ஒரு நாய் அவளைத் துரத்தும் வரை அப்படித்தான் இருந்தான். நாய் கடிக்கவில்லை. நீளமான மேற்சட்டையின் ஓரத்தை மட்டும் கவ்வி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிழிந்த சட்டையை நப்ரீஸ் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாளைக்கு நீ ஓடு. நான் பின்னால வாரன்" என்றான்.

"நீங்க ஓடுவீங்களா?"

"நான் எதுக்கு ஓடணும்? பைக் ஈக்கிதே."

மறுநாள் அவள் முன்னால் ஓட, அவன் ஹெல்மட் போட்டுக்கொண்டு முதலாம் கியரில் பின்னால் வந்தான். அவ்வளவு மெதுவாக ஓட்டப்படுவதற்கென்று செய்யப்பட்ட பைக் அல்ல அது. உறுமியது, இருமியது, நின்றது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் அவன் உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டு வந்து சேர்ந்தான். பின்னால் வரும் வாகனங்களுக்காக சிக்னல் விளக்கையும் போட்டு வைத்தான். அது இடப்பக்கம் திரும்பப் போவதாகக் கண் சிமிட்டிக்கொண்டே நேராகப் போனது.

இப்படியே அவர்கள் கொழும்பின் பாதைகளை ஒவ்வொன்றாகப் பழகினார்கள். கால்வாய்க் கரையால் கிருலப்பனை வரை போனார்கள். கரை ஒடுங்கும் இடத்தில் நப்ரீஸ் சுற்றுப் பாதையால் பறந்துபோய் அடுத்த பாலத்தில் காத்து நிற்பான். விகாரமகாதேவிப் பூங்காவுக்குள்ளே பைக் போகாது. அவள் உள்ளே மரங்களைச் சுற்றி ஓட, அவன் வெளியே வேலியைச் சுற்றி ஓட்டினான். பத்தரமுல்லைப் பக்கத்து ஈரநிலப் பூங்காவில் பலகைப் பாலங்கள் மட்டும்தான். அங்கே வாசலில் இருந்துகொண்டு, நீரில் முதலை உண்டு என்ற அறிவித்தலைப் படித்துவிட்டு, அவள் திரும்பி வரும் வரை பைக்கை விட்டு இறங்காமல் இருந்தான்.

பார்க்கிறவர்களுக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. பாமன்கடையில் ஒரு ஓட்டோக்காரர் அவளுக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "தங்கச்சி, டக்கெண்டு ஏறுங்க, கொண்டுபோய் விடுறன்" என்றார். அவள் வேண்டாமென்று கையசைத்தாள். அவர் பின்னால் வந்த நப்ரீஸை முறைத்துவிட்டுப் போனார்.

ஹைலெவல் வீதியில் ஒரு பொலிஸ்காரர் நப்ரீஸை மறித்தார். அந்தப் பெண்ணை எதற்காகப் பின்தொடர்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். நப்ரீஸ், அது என் மனைவி என்றான். அப்படியானால் ஏன் ஓடுகிறாள் என்றார் பொலிஸ்காரர். நப்ரீஸ் ஹெல்மட்டைக் கழற்றினான். ஷிம்னா திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியதால் அவளால் பேச முடியவில்லை. பொலிஸ்காரர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, பயப்படாமல் சொல்லுங்கள் நோனா, இவர் யார் என்று கேட்டார்.

"மஹத்தயா" என்றாள் அவள் கடைசியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

சிங்களத்தில் ஐயாவுக்கும் கணவனுக்கும் அந்த ஒரே சொல்தான். யார், நானா, இவரா என்று அவர் கேட்டார். அதைத் தெளிவுபடுத்தச் சற்று நேரம் எடுத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஷிம்னா, "இனி வராதீங்க, எனக்கு வெக்கமா ஈக்கி" என்றாள்.

"நாய் கடிச்சா வெக்கமில்லையா?" என்றான் நப்ரீஸ். அடுத்த நாளும் வந்தான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெட்ரோல் இல்லாமல் போனது. வரிசைகள் காலி வீதியில் தொடங்கி லேன்களுக்குள் வளைந்து நின்றன. பிறகு பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. பைக்குக்குக் கிடைத்தது நப்ரீஸ் வேலைக்குப் போகவே காணாது.

"கொஞ்ச நாளைக்கு ஓடாம ஈ" என்றான் அவன்.

"எனக்குப் பெட்ரோல் தேவையில்லையே" என்றாள் ஷிம்னா.

இதை அவன் இரண்டு நாள் யோசித்தான். சொன்னதில் பிழை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் தன் தம்பியிடம் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். அந்த மாதங்களில் கொழும்பில் சைக்கிள் என்பது பொன். ஒரு சனிக்கிழமை அதைப் பூங்கா வேலியில் பூட்டிவிட்டுச் சிறுநீர் கழிக்கப் போனான். திரும்பி வந்தபோது பூட்டு இருந்தது. வேலியும் இருந்தது.

எனவே அவன் ஓடினான். வேலைக்குப் போடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. லேனிலிருந்து கால்வாய் வரை அவள் பின்னால் சாவிகளின் சத்தம் கேட்டது. பிறகு குறைந்தது. பாமன்கடைப் பாலத்தைத் தாண்டிக் கரை வளையும் இடத்தில் ஷிம்னா திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

சத்தமும் இல்லை. ஓடத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய எப்போதும் அவள் காதுக்குள் ஓர் எஞ்சின் இருந்தது. இப்போது தன் மூச்சு கேட்டது. மறுகரையில் யாரோ உடுப்புத் துவைக்கும் சத்தம் கேட்டது. நின்று காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கிருலப்பனைச் சந்தை வரை ஓடினாள். அங்கே போன பிறகுதான் நெஞ்சில் ஏதோ குத்தியது. அது குற்ற உணர்ச்சியா, சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்காமல் திரும்பினாள்.

நப்ரீஸ் ஒரு மதகில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க பெய்த்த?" என்றான்.

"சந்தை வரைக்கும்."

"ஒண்ணும் நடக்கல்லயா?"

"இல்ல."

அவன் தலையாட்டினான். மீதித் தேத்தண்ணியை அவளிடம் நீட்டினான்.

அதன் பிறகு அவர்கள் வட்டப் பாதைகளாகத் தெரிந்தெடுத்தார்கள். வட்டத்தில் யாரும் தொலைவதில்லை. சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றி ஓடும்போது அவள் அவனைத் திரும்பத் திரும்பக் கடந்து போவாள். கடக்கும்போதெல்லாம் அவன், "நான் பின்னால வாரன், நீ போ" என்பான். ஒரு வகையில் அது உண்மையும்தான்.

மேல்மாடியில் துஷ்யந்தி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு காட்டுக்குள் ஓடும் ஒரு குழுவோடு போகிறவள்.

"பார்க்கில ஓடுறதும் காட்டுக்க ஓடுறதும் ஒண்டில்லை அக்கா" என்றாள் லிப்டுக்குக் காத்து நின்றபோது. "நான் முதல் தரம் போயிட்டு வந்து ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. ஒருக்கா வாங்கோவன். அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நப்ரீஸ் கேட்ட முதல் கேள்வி, "அங்க நாய் ஈக்கா?"

"நாய் இல்லை அண்ணை. அட்டை மட்டும்தான்."

அட்டை என்றால் நப்ரீஸுக்கு ஆகாது. இதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை.

கிருலப்பனையில் களனிவெளி ரயில் ஏறினார்கள். பாதுக்கையும் தாண்டி ஒரு சிறிய ஸ்டேஷனில் இறங்கி, இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே நடந்தார்கள். பிறகு காடு தொடங்கியது. காட்டோரத்தில் முகாம் போட்டிருந்த குழுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே செம்மஞ்சள் டீசேர்ட் கொடுத்தார்கள். அட்டை ஏறாமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் பூசச் சொன்னார்கள். நப்ரீஸ் கழுத்துக்கும் பூசினான்.

காடு இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தது. பாதை வேர்களால் ஆனது. ஷிம்னா நிலத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். வேறு எதையும் நினைக்க இடமில்லை. கடையும் இல்லை, சீனியும் இல்லை, பகல் சமையலும் இல்லை. ஒரு நீரோடையைக் கடந்து நின்றபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. நப்ரீஸ் வரட்டும் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

அவன் வரவில்லை.

மற்றவர்கள் வந்தார்கள், கடந்தார்கள். துஷ்யந்தி வந்தாள். அண்ணையைத் தான் காணவேயில்லை என்றாள். போனில் சிக்னல் இல்லை. ஷிம்னா வந்த வழியே திரும்பி ஓடினாள். "நப்ரீஸ்" என்று கூப்பிட்டாள். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாதை பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சப்பாத்து அடையாளங்கள். ஒரு சரிவில் யாரோ வழுக்கிய தடம் கிடந்தது. அதன் அடியில் பற்றையைத் தவிர ஒன்றுமில்லை. அதை இரண்டு தரம் இறங்கிப் பார்த்தாள். பின்னால் வருகிறவனுக்கு இத்தனை நாளும் இப்படித்தான் இருந்ததா என்று அப்போது நினைத்தாள்.

நப்ரீஸுக்கு நடந்தது இதுதான். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவன் செம்மஞ்சள் டீசேர்ட்டும் ஷிம்னாவுடையதைப் போலத் தலையில் கறுப்புத் துணியும் தெரிந்த ஒரு முதுகை அவள்தான் என்று பிடித்துக்கொண்டான். வேறெங்கும் பார்க்கவில்லை. பார்த்தால் அட்டை தெரியும். பாதை பிரிந்தபோது முதுகு வலப்பக்கம் போனது, அவனும் போனான். அது ஹோமாகமையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண், வங்கி ஊழியர். சாவிக்கொத்துக் குலுங்க ஓர் ஆண் விடாமல் பின்னால் வருவதைக் கண்டு அவர் வேகத்தைக் கூட்டினார். அவர் கூட்ட, இவனும் கூட்டினான். குறுக்குப் பாதையால் இரண்டு பேரும் எல்லோருக்கும் முன்னால் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஷிம்னா சேற்றோடு முகாமுக்கு வந்தபோது அவன் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண்ணிடம் தன் உடைந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர், பரவாயில்லை, வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக ஓடியதேயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கணுக்காலில் ஓர் அட்டை நன்றாகக் குடித்துப் பருத்துத் தொங்கியது. அதை அவன் இன்னும் காணவில்லை.

ஷிம்னா குனிந்து, முகாமில் வைத்திருந்த உப்பைப் போட்டு அதை எடுத்து எறிந்தாள். பிறகு எல்லோர் முன்னிலையிலும் அவனை ஏசினாள். வீட்டில்கூட அவள் அப்படி ஏசியதில்லை. நடுவில் குரல் உடைந்தது.

ரயிலில் வரும்போது, "பயந்துட்டியா?" என்று கேட்டான்.

"ஓம்."

"நான் டெய்லி" என்றான் அவன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த காலையில் அவன் எழும்பவில்லை. கால் வலி என்று அவள் நினைத்தாள். வலி போன பிறகும் அவன் எழும்பவில்லை. "காட்டுக்குள்ளயே நீ தனியா வந்து சேந்த. சாவிய எடுத்துட்டுப் போ, நான் படுக்கப் போறன்" என்றான். பெட்ரோல் வழமைக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான்.

இப்போது ஷிம்னா தனியாக ஓடுகிறாள். சில நாட்களில் துஷ்யந்தியும் சேர்கிறாள். காட்டுக்கு மாதத்தில் ஒரு தடவை. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து ஈரநிலப் பூங்கா வரைக்கும் ஓடி, பஸ்ஸில் திரும்பி, கடைக்குப் போவாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே பலகைப் பாலத்தின் கீழே நீல நிறத்தில் ஒரு பறவை, சிவந்த நீளக் கால்களால் இலைகளின் மேல் நடந்து போனது. பின்னால் கறுப்புக் குஞ்சுகள். எல்லாம் புல்லுக்குள் மறையும் வரை ஷிம்னா நின்று பார்த்தாள். கடைக்குப் பிந்தித்தான் போனாள். முதலாளி பௌஸி ஹாஜியார் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"ஏன் மகள் லேட்?"

பஸ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஒரு குருவி பாத்துட்டு நிண்டன் ஹாஜியார்" என்றாள்.

"என்ன குருவி?"

"பேர் தெரியாது."

ஹாஜியார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, கடை திறக்கும் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றினால் யாருக்கும் நட்டமில்லை, சனிக்கிழமைகளில் பன்னிரண்டுக்கு முன்னால் யாரும் வருவதில்லை என்று சொல்லிவிட்டு, துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி பிரேமைத் தொடர்ந்து துடைத்தார்.