தேவசகாயம் அண்ணாவின் ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள்

செய்தி வந்தபோது வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டிவிட்டது. கதவுக்கும் கழிவறைக்கும் நடுவே, ஒரு கால் தரையிலும் மற்றது யாரோ ஒருவரின் பையின் மேலுமாக நின்றிருந்தேன். கைப்பேசியை எடுக்க முழங்கையை மடக்கவும் இடமில்லை. நம் ரயில் வாட்ஸ்அப் குழுவில் வந்ததைப் பக்கத்தில் நின்ற பெண்தான் படித்துச் சொன்னாள். தேவசகாயம் அண்ணா விடியற்காலையில் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அவர் படுத்திருந்த அறையில் இருக்கும் ஒன்பது ஆர்க்கிட் தொட்டிகளும் நான் சுமந்துபோய் வைத்தவை. போன ஞாயிறு ஒரு தொட்டியைக் கொட்டி மாற்றியபோது, உள்ளே போட்டிருந்த மரப்பட்டைத் துண்டுகளிலிருந்து தூள் பறந்து அவர் வெகுநேரம் இருமினார். நான்தான் காரணமோ என்று கேட்டுக்கொண்டே, இறங்கவும் முடியாமல், மாலூர் வரை நின்றிருந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் ஊரிகம் ஸ்டேஷனில் ஏறும் செக்யூரிட்டி அண்ணா. நம் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை பூமிக்கடியில் மரத்தூண் நிறுத்தும் வேலை செய்தவர். மூடிய பிறகு, பெங்களூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் வாசலில் காவலாளி ஆனார். அங்கே வரவேற்பறை ஆர்க்கிட் செடிகளைப் பராமரிப்பது நிர்வாகப் பிரிவில் இருந்த என் தலையில் விழுந்த வேலை. இலையில் புள்ளி வந்தால் தூக்கிப் போடு என்பது மேலாளரின் வைத்தியம். நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குப் போனபோது அண்ணா வாசலில் மறித்தார். "இன்னா நோவுன்னு பாத்தியாம்மா?" என்றார். புள்ளி நோய் என்றேன். "புள்ளின்னு ஒரு நோவு கெடையாது. வெயிலுக்கும் புள்ளி வரும், தண்ணிக்கும் வரும், பூஞ்சைக்கும் வரும்" என்று சொல்லித் தொட்டியைப் பிடுங்கிக்கொண்டார். இதையெல்லாம் எங்கே கற்றார் என்று விசாரித்தேன். செடி கொண்டுவரும் நர்சரிக்காரரை வாரா வாரம் கேள்வி கேட்டே துளைத்திருக்கிறார். அந்த மனிதர் இவர் ஷிப்ட் முடிந்த பிறகு வர ஆரம்பித்துவிட்டாராம்.

அவருடைய முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். எனக்கு அது ஜாதகத்திலேயே கிடையாது. முதலில் புள்ளியை விரலால் தொட்டுப் பார்ப்பார். காய்ந்து வெளுத்திருந்தால் வெயில் சுட்டது. நீர் கோத்து மெதுமெதுவென்று இருந்து கெட்ட வாடை அடித்தால் அழுகல். சுற்றிலும் மஞ்சள் வளையமும் நடுவே கறுப்புப் பொட்டுகளும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சந்தேகமாக இருந்தால் பால்பாயின்ட் பேனாவால் புள்ளியைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பார். கோட்டைத் தாண்டாத புள்ளியைக் கத்தி தொடக்கூடாது. தாண்டினால் பிளேடை நெருப்பில் காட்டி, நல்ல பச்சையிலும் விரலகலம் சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூளை அப்புவார். வேரில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் வேர் காய்ந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். பூஞ்சை என்று உறுதியானால் மட்டும் தாமிர மருந்து தெளிப்பார், அதையும் திறந்த வெளியில்.

என் மடத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். அப்படிக் காப்பாற்றிய இரண்டு செடிகளை நம் ஊர் பாலகாட் பகுதியில் என் வீட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். காற்றுக் காலத்தில் தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைட் மேட்டு மண் பறந்துவந்து இலையெல்லாம் படிந்தது. அடுத்த வாரம் புள்ளிகள். இது மண்ணின் வேலைதான் என்று தீர்மானித்து, தினமும் வேலையிலிருந்து திரும்பியதும் இலைகளைக் கழுவினேன். தண்ணீர் குருத்தில் தேங்கி, பத்தே நாளில் இரண்டும் கூழாகிவிட்டன. ஒன்றைப் பையில் கட்டி அவரிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்ல இருமலா, மண்ணு. கண்ணு எரியுதா, மண்ணு. புருசன் பொண்டாட்டி சண்டைக்குக்கூட மண்ணுதான். மண்ணு ஒண்ணும் பண்ணல, நீ ஊத்துன தண்ணிதான் கொன்னுச்சி" என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நோயைத் தவறாகப் பிடிப்பதில் அவருக்கு ஏன் அத்தனை கோபம் என்று பிறகுதான் தெரிந்தது. இருமலுக்கு அவரைப் பார்த்த இடத்தில் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். வருடக்கணக்கில் அந்த மாத்திரைகளைத் தின்றிருக்கிறார். வேறு ஊரில் வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது சுரங்கத்தில் குடித்த கல்தூசி, இதற்கு மருந்தில்லை என்றார். அண்ணா யாரையும் திட்டவில்லை. "மருந்து நல்ல மருந்துதாம்மா. நோவுதான் வேற ஆளோடது" என்றார். அவருக்கும் சேர்த்து நான்தான் திட்டித் தீர்த்தேன்.

கடைசி இரண்டு வருடம் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டின் உள்ளறையில் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடு கிடந்தார். குழாய் ஜன்னல்வரை நீளும், வாசல்வரை நீளாது. "கீழ இருந்தப்ப ஷிப்டு முடிஞ்சா கேஜுக் கூண்டு வரும், ஏறி மேல வந்துடுவோம். இங்க கேஜும் இல்ல, ஷிப்டும் முடியல" என்று ஒருமுறை சொன்னார். அவர் மனைவி அற்புதம் அக்காவுக்கும் அதே அறைதான். மின்சாரம் போனால் சிலிண்டருக்கு மாற்ற ஆள் வேண்டும் என்பதால் மற்ற நாட்களில் தெருக்குழாயைத் தாண்டி அக்கா போனதில்லை. ஞாயிறு பத்து மணிக்கு அலுவலகத்தின் நோயாளிச் செடிகளோடு நான் போவேன். அண்ணா எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டுவார். அக்கா சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிவிடுவார்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் போனேன். தொட்டிகள் எல்லாம் பின்பக்கம் துவைக்கும் கல்லருகே கிடந்தன. சுற்றி வளைக்காமல், என் செடிகளாலா என்று கேட்டுவிட்டேன். அக்கா முந்தானையை இரண்டுமுறை மடித்துப் பிரித்தார்.

"டாக்டரு போன வருசமே சொன்னாரும்மா. மூடுன ரூமுல ஈரம், பூஞ்சை ஆவாது, எடுத்துடுங்கன்னாரு. நான் உங்கிட்ட சொல்லல. செடி இல்லன்னா நீ எதுக்கு வருவே? நீ வந்தாத்தான் நான் வெளிய போவ முடியும்."

அண்ணாவுக்குத் தெரியுமா என்றேன்.

"தெரியும். எடுத்துடலாமான்னு ஒரு தபா கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ பூசைக்குப் போய்ட்டு வான்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. செடி இல்லாவிட்டால் இவள் எட்டிப் பார்க்கமாட்டாள் என்று கணவனும் மனைவியும் என்னைக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறார்கள். கோபம் நிலைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் நினைத்தது சரி. ஆறு நாள் வண்டியில் நசுங்குகிறவள் ஏழாம் நாள் சும்மா ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருக்கமாட்டேன். என் செடிகள் அவருடைய நாட்களில் எத்தனையைத் தின்றன என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் அண்ணாவுக்குப் பிடிக்காது. இதை எழுதட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். எழுது, கதவுக்குள்ளேயே இருக்கிறவர்கள் இந்த லைனில் நான் ஒருத்தி மட்டுமா என்றார்.

செடிகளை நான் எடுத்துவந்துவிட்டேன். ஆனால் அண்ணா எனக்கு விட்டுப்போனது அவற்றை அல்ல, ஞாயிற்றுக்கிழமையின் அந்த ஒரு மணி நேரத்தை. இப்போது அந்த அறையில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அக்கா எந்த நாளும் எங்கேயும் போகலாம், போவதில்லை. நான் போய்க் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் செருப்பை மாட்டுகிறார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பி, "பாத்துக்கம்மா" என்கிறார். பார்த்துக்கொள்கிறேன்.